பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி மீட்டரை வெச்சுப் பாருங்க: பைக்கு சார்ஜிங் செக் பண்ற வழி

எங்கப்பா வண்டி ஒரு பழைய நூறு சிசி வண்டிங்க, கிக்கர் மட்டும்தான், செல்ஃப் எல்லாம் கெடையாது. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவால எங்க தோட்டம், காலைல அஞ்சு மணிக்கு இருட்டோட பால் கேனை ரெண்டு பக்கமும் மாட்டிட்டு சொசைட்டிக்குப் போயிட்டு வர்றதுதான் அந்த வண்டிக்கு வேலை. ஒருநா ஆரன் அடிச்சா பூனை மொனகற மாதிரி ஒரு சத்தம், இண்டிகேட்டர் போட்டா கண்ணு சிமிட்டாம அப்பிடியே மங்கலா நின்னுக்கும். கடைல காட்டுனா "பேட்டரி அவுட்டுங்"னாங்க, புதுசு போட்டோம். நாலு மாசம். மறுக்கா அதே கதை, மறுக்கா ஒரு பேட்டரி. மூணாவது தடவை அப்பா மறுபடியும் ஆயிரத்துச் சொச்சத்தை எடுக்கப் போனப்பத்தான், இருங்கன்னு சொல்லிப்போட்டு நான் ஒரு மீட்டர் (வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கற மல்டிமீட்டர்) வாங்கியாந்தேன். கடைசில பாத்தா ரெண்டு பேட்டரி மேலயும் தப்பே இல்லீங்க. என்னன்னு அந்த எடம் வரும்போது சொல்றேன்.

இது மெக்கானிக்குங்களுக்கு எழுதுனது இல்ல, மீட்டரைக் கைல புடிக்கவே பயப்படறவங்களுக்குத்தான். பைக்கை வெச்சு சொல்றேன், ஆனா பேட்டரியும் செல்ஃபும் இருக்கற, களை எடுக்கற பவர் வீடர், சின்ன ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மெஷின்ல பேட்டரியே இல்லீன்னா அதுல சார்ஜிங் பாக்க ஒண்ணுமில்ல, அதை விட்டுருங்க.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு

தோட்டத்துக்காரங்களுக்கு ஈஸியாப் புரியும். போர் மோட்டார் தண்ணி எடுக்குது, பைப்புல வந்து தொட்டில விழுகுது, தொட்டில இருந்து காட்டுக்குப் பாயுது. வண்டில மோட்டார் எடத்துல மேக்னட்டும் காயிலும். இஞ்சின் சுத்தும்போது மேக்னட் சுத்தும், அதுக்குள்ள இருக்கற காயில்ல ஏசி கரண்டு வரும். அந்தக் கரண்டு ரெகுலேட்டருக்குப் போகும், அதுதான் ஏசியை டிசி ஆக்கி, 14, 14.5 வோல்ட்டுக்கு மேல போகாமப் புடிச்சு நிறுத்தி, ஃப்யூஸ் வழியா பேட்டரிக்கு அனுப்புது. பேட்டரிதான் தொட்டி.

தொட்டி காலியாவே கெடக்குதுன்னா நீங்க என்ன பாப்பீங்க? தொட்டி ஓட்டையா, மோட்டாரு தண்ணி எடுக்கலையா, நடுவால பைப்பு எங்கயாச்சும் ஒடைஞ்சிருக்கா, இல்ல ராத்திரில எவனாச்சும் வால்வைத் தொறந்து உட்டுட்டானா. இந்த நாலே கேள்விதான் வண்டிக்கும். தொட்டி காலின்ன ஒடனே புதுத் தொட்டி கட்டறவங்க யாரும் இல்ல, ஆனா பேட்டரி விசயத்துல நாம எல்லாரும் அதைத்தான் பண்ணிட்டு இருக்கோம்.

இன்னொண்ணு, "வண்டிதான் நல்லா ஓடுதே, சார்ஜ் ஆகாமயா ஓடும்"னு கேப்பாங்க, எங்கப்பாவும் கேட்டாரு. பழைய கார்ப்ரேட்டர் வண்டிங்க பலதுல ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்டு பேட்டரில இருந்து வர்றதில்ல, மேக்னட்டுக்குள்ளயே தனியா ஒரு காயில் அதுக்குன்னே இருக்கும். பேட்டரியக் கழட்டி ஊட்டுல வெச்சுட்டாக்கூட கிக்கர் அடிச்சா கெளம்பிரும், அதனால ஆரன் சாகற வரைக்கும் சார்ஜிங் போனதே தெரியாது. 2020க்கு அப்பறம் வந்த பிஎஸ்-6 வண்டிங்க பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாம பெட்ரோலைப் பீச்சி அடிக்கற டைப்பு, வண்டிக்குள்ள பெட்ரோலைத் தள்ளற பம்புக்கே கரண்டு வேணும், அதுங்கள்ல பேட்டரி படுத்தா வண்டியும் படுத்துரும்.

மீட்டரை மொதல்ல சோதிங்க

கரண்டு சாமான் விக்கற எந்தக் கடைலயும் கெடைக்கற மஞ்சள் கலர் சின்ன மீட்டர், டிடி-830டின்னு போட்டிருக்குமே, இருநூறு முந்நூறு ரூவாய்க்குள்ள, அது போதுங்க. ஆனா அதைப் பத்தி ரெண்டு சங்கதி தெரிஞ்சிருக்கோணும், ரெண்டுமே நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

அதுல மூணு ஓட்டை இருக்கும். கறுப்பு வயரு எப்பவும் அடில இருக்கற காம் ஓட்டைல. செவப்பு வயரு நடு ஓட்டைல. மேல 10 ஆம்பியர்னு போட்ட ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுல செவப்பை வெச்சா மீட்டரு கரண்டு அளக்கறதுக்குத் தயாரா இருக்குன்னு அர்த்தம், அதாவது உள்ளார வெறும் தடிக் கம்பி மாதிரி. அப்பிடியே கொண்டுபோய் பேட்டரி ரெண்டு முனைலயும் வெச்சா நேரா ஷார்ட்டு. இந்த மாதிரி மீட்டர்ல அந்த ஓட்டைக்கு ஃப்யூஸும் கெடையாது. முந்தின நாள் ஆம்பியர் பாத்துட்டு செவப்பை மாத்தாம விட்டுட்டேன், மறாநாள் காலைல தூக்கக் கலக்கத்துல பேட்டரில வெச்சேன், பளிச்சுனு ஒரு வெட்டு, மீட்டர் வயரு மொனைல இருக்கற முள்ளோட நுனி கறுத்து ஒட்டிக்கிச்சு, வயரு தோல் சுருங்கி நாத்தம், நான் கையை ஒதறுனதுல மீட்டரு மாட்டுத் தொட்டில போய் விழுந்துருச்சு. அதனால ஒவ்வொரு தடவையும் முள்ளை எங்கயும் வைக்கறதுக்கு முன்னாடி செவப்பு எந்த ஓட்டைல இருக்குதுன்னு ஒரு பார்வை பாத்துருங்க.

ரெண்டாவது, மீட்டருக்குள்ள ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்குதுங்க, அது எறங்கிப்போச்சுன்னா இந்த மலிவு மீட்டருங்க உள்ளதை விட எச்சாக் காட்டும். பங்காளி ஊட்டு வண்டில ஓடும்போது 15.8னு காட்டுச்சு, அடேயப்பா ஓவர் சார்ஜுன்னு அவங்களைப் புது ரெகுலேட்டர் வாங்க வெச்சுட்டேன், மாட்டியும் அதே 15.8. பொறகுதான் தெரிஞ்சுது, மீட்டருக்கே சீக்கு. இன்னைக்கு வரைக்கும் நோம்பிக்கு நோம்பி அதைச் சொல்லிச் சிரிக்கறாங்க. அதனால கடிகாரத்துக்குப் போடற புது பென்சில் செல் ஒண்ணை அளந்து பாருங்க, 1.5ல இருந்து 1.6க்குள்ள காட்டோணும். 1.8, 1.9னு காட்டுனா மீட்டர் பொய் சொல்லுது, மொதல்ல அதுக்கு பேட்டரி மாத்துங்க.

மீட்டர் நடுவால சுத்தற திருகை எங்க வைக்கறதுன்னா, பேட்டரி பாக்கறப்ப டிசி பக்கம் 20. வி எழுத்துக்குப் பக்கத்துல ஒரு நேர்க்கோடும் அதுக்கடில புள்ளிக்கோடும் போட்டிருந்தா டிசி, பாம்பு மாதிரி வளைஞ்ச கோடு போட்டிருந்தா ஏசி. இந்த மீட்டர்ல ஏசிக்கு 200, 750 ரெண்டே எடந்தான் இருக்கும், நமக்கு 200 போதும்.

வண்டியத் தொடறதுக்கு முன்னாடி: வெளிவாசல்லயோ களத்துலயோ நிறுத்துங்க, சாளைக்குள்ள பூட்டிக்கிட்டு இஞ்சினை ஓட விடாதீங்க, பொகை ஆளைச் சாய்ச்சுப்போடும். செண்டர் ஸ்டாண்டு, நியூட்ரல். பேட்டரில இருந்து வர்ற வாயு தீப்புடிக்கறது, அதனால பீடி சிகரெட் அக்கட்டால. கைல மோதரம், வாட்ச் இருந்தா கழட்டி வெச்சுருங்க, தோள்ல துண்டு தொங்கறதும் வேண்டாம்.

ஒண்ணு: வண்டி ஆஃப்ல இருக்கறப்ப பேட்டரி

சீட்டையோ சைடு பேனலையோ கழட்டுனா பேட்டரி. மீட்டர் செவப்பு பேட்டரி பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. மாத்தி வெச்சுட்டாலும் ஒண்ணும் ஆகாது, நெம்பருக்கு முன்னாடி ஒரு கழித்தல் குறி வரும் அவ்வளவுதான். முள்ளைப் பேட்டரியோட ஈயக் கொம்புலயே அழுத்துங்க, வயரு மாட்டியிருக்கற போல்ட்டு மேல வைக்காதீங்க, ஏன்னா அந்த ரெண்டுக்கும் நடுவாலயே வெள்ளையாப் பூத்துக் கெடந்தா அங்கயே வோல்ட் தின்னுபோடும்.

வண்டிய இப்பத்தான் ஓட்டிட்டு வந்தீங்கன்னா ஒடனே பாக்காதீங்க, மேலோட்டமா சார்ஜ் நின்னுக்கிட்டு எச்சாக் காட்டும். ராத்திரி விட்டுக் காலைல பாக்கறது நல்லது. அவ்வளவு பொறுமை இல்லீன்னா சாவியப் போட்டு, இஞ்சினைக் கெளப்பாம, இண்டிகேட்டரை ஒரு ரெண்டு நிமிசம் எரிய விட்டுட்டு, ஆஃப் பண்ணி அஞ்சு நிமிசம் கழிச்சுப் பாருங்க.

12.6 இல்ல அதுக்கு மேல இருந்தா நெறைஞ்சிருக்குதுன்னு அர்த்தம், தண்ணி ஊத்தாத மூடுன டைப்புன்னா 12.8 பக்கம் கூட நிக்கும். 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12க்கு வந்துட்டா கால்வாசிதான், அதுக்குக் கீழ போனா காலி. பேட்டரிக்குள்ள ஆறு செல்லு, ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட், அதான் 12.6 கணக்கு. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 கிட்டயே நின்னுக்குச்சுன்னா ஆறுல ஒண்ணு செத்துப்போச்சு, அந்த பேட்டரிக்கு இனி வேலையில்ல.

12.4க்குக் கீழ இருந்தா மொதல்ல சார்ஜர்ல போட்டு ஏத்திட்டு அப்பறமா மத்ததைப் பாருங்க, காலி பேட்டரிய வெச்சுக்கிட்டு அடுத்த சோதனையெல்லாம் பண்ணுனா நெம்பரு ஒண்ணும் ஒத்துவராது. ஏத்தறப்ப பேட்டரி ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கு: 5 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா அரை ஆம்பியர். டிராக்டர் பேட்டரிக்குப் போடற பெரிய சார்ஜர்ல கொண்டுபோய் மாட்டாதீங்க, கொதிச்சு வீங்கிரும். ஏத்தி ஒரு ராத்திரி சும்மா வெச்சுப் பாருங்க, காலைல 12.6 அப்பிடியே நின்னா பேட்டரி மேல சந்தேகப்பட வேண்டியதில்ல.

ரெண்டு: செல்ஃப் அடிக்கறப்ப

கிக்கர் வண்டிக்காரங்க இதைத் தாண்டிப் போயிருங்க. மீட்டரைப் பேட்டரிலயே வெச்சுக்கிட்டு ஒருத்தரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 10க்குக் கிட்டக்கவோ மேலயோ நின்னா சரி. 12.6 இருந்தது சடார்னு 8, 7னு விழுந்தா பேட்டரி வெறும் பேருக்குத்தான் வோல்ட் காட்டுது, உள்ள சரக்கு இல்ல.

மூணு: இஞ்சின் ஓடறப்ப, இதுதான் முக்கியம்

மீட்டர் அதே 20 டிசி, அதே எடம். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு ரெண்டு நிமிசம் சூடாகட்டும். ஐடிலிங்ல எவ்வளவுன்னு பாருங்க, ஆஃப்ல இருந்ததை விடக் கொஞ்சமாச்சும் ஏறியிருக்கோணும். அப்பறம் ஆக்சிலேட்டரை மெதுவாத் திருகி, ரோட்டுல நாப்பது அம்பதுல போறப்ப வர்ற சத்தத்துக்குக் கொண்டுவந்து அங்கயே புடிங்க. நெம்பரு 13.5ல இருந்து 14.7க்குள்ள எங்கயாச்சும் வந்து நின்னுக்கோணும். ரேஸை இன்னும் ஏத்துனாலும் அதுக்கு மேல ஓடாம அங்கயே நிக்குதா, அப்பன்னா ரெகுலேட்டர் வேலை செய்யுது, சார்ஜிங் நல்லாருக்குது, அடுத்த ரெண்டு சோதனையத் தாண்டி நேரா கடைசிக்குப் போயிருங்க.

லைட்டைப் போட்டும் ஒரு தடவை பாருங்க. 2017 ஏப்ரல்ல இருந்து வந்த புது வண்டிங்களுக்கு ஹெட்லைட் ஆஃப் பண்ண சுவிட்சே கெடையாது, எப்பவும் எரியும், அதுங்களுக்கு ஒரே கணக்குத்தான். பழசுல லைட் போட்டதும் ஐடிலிங்ல கொஞ்சம் எறங்கறது சகஜம், ரேஸ் பண்ணுனா ஏறிருச்சுன்னா கவலை வேண்டாம். நெம்பரு கன்னாபின்னான்னு ஆடுச்சுன்னா பிளக் வயருக்குப் பக்கத்துல மீட்டரை வெச்சிருப்பீங்க, கொஞ்சம் தள்ளிப் புடிங்க.

ரேஸ் பண்ணியும் 12.5லயே கெடந்தாலோ, இஞ்சின் ஓட ஓட எறங்கிட்டே வந்தாலோ, சார்ஜ் போய்ச் சேரல. நாலாவதுக்கு வாங்க. 15ஐத் தாண்டி ஏறிட்டே போச்சுன்னா ஓவர் சார்ஜ், பெரும்பாலும் ரெகுலேட்டரு இல்லீன்னா ரெகுலேட்டரோட எர்த்து (பேட்டரி மைனஸோட சேர்ற கனெக்சன்). பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆகறது, பேட்டரித் தண்ணி மாசாமாசம் கொறையறது, பேட்டரிப் பக்கம் அழுகுன முட்டை நாத்தம், எல்லாம் இந்தக் கேஸுதான். ஆனா பென்சில் செல்லு வெச்சு மீட்டரைப் பாத்துட்டீங்களா? பங்காளி ஊட்டுக் கதைய மறந்துராதீங்க.

ஒண்ணு மட்டும் பண்ணவே கூடாது. சில பேரு இஞ்சின் ஓடறப்பவே பேட்டரி வயரைப் புடுங்கிப் பாத்து, "நிக்கல, ஓடுது, அப்ப சார்ஜ் ஆகுது"ம்பாங்க. அது பெரியவங்க காலத்துப் பழக்கம். பேட்டரி இல்லாம ஓடறப்ப வோல்ட் குதிக்கும், ரெகுலேட்டரையும் பல்பையும் எரிச்சுப்போடும், எஃப்ஐ வண்டின்னா இசியூங்கற கம்ப்யூட்டர் பெட்டிக்கே வேட்டு வெச்சுரும்.

நாலு: நடுவால பைப்பு ஒடைஞ்சிருக்கா

எங்க வண்டில பேட்டரி ஆஃப்ல 12.3, ஓடறப்ப ரேஸ் பண்ணியும் 12.9. சார்ஜ் ஆகற மாதிரியும் இருக்குது, ஆகாத மாதிரியும் இருக்குது. இந்த நெம்பருதான் ஆளைக் கொழப்பறது. 12.5ன்னா காயில் போச்சுன்னு தேடியிருப்பேன்.

மொதல்ல ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸோ பிளேடு ஃப்யூஸோ, கண்ணுல பாத்து நல்லாருக்குன்னு சொல்லிராதீங்க, சாவியப் போட்டு, மீட்டர் கறுப்பை பேட்டரி மைனஸ்ல வெச்சுக்கிட்டு செவப்பை ஃப்யூஸோட இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வைங்க, ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட் காட்டோணும். போயிருந்தா அதே ஆம்பியர் ஃப்யூஸே போடுங்க. ஃப்யூஸ் எடத்துல செம்புக் கம்பியச் சுத்தி வெச்ச வண்டிங்களை நானே பாத்திருக்கேன், அடுத்த தடவை ஷார்ட் ஆனா கம்பி போகாது, மொத்த வயரிங்கும் போகும்.

அடுத்து ரெகுலேட்டரைத் தேடுங்க. அலுமினியத்துல பள்ளம் பள்ளமா சீப்பு மாதிரி இருக்கும், நாலஞ்சு வயரு ஒரு கப்ளர்ல (வயருங்களைச் சேத்து மாட்டிக் கழட்டற பிளாஸ்டிக் பிளக்கு) போகும். சில வண்டில ஹெட்லைட்டுக்குப் பின்னால, சிலதுல சீட்டுக்கடில, சிலதுல டேங்குக்கடில. ஹோண்டா வழி வந்த வண்டிங்கள்ல பச்சை எர்த்து, செவப்பு பேட்டரிக்குப் போற லைன். மத்த கம்பெனில கலரு மாறும், அதனால கலரை மட்டும் நம்பாம வயரு எங்க போய்ச் சேருதுன்னு கையால புடிச்சிட்டே போய்ப் பாருங்க.

இப்ப இஞ்சினை ஓட விட்டு, ரேஸ் புடிச்சுக்கிட்டு, மீட்டர் செவப்பு ரெகுலேட்டர் கப்ளரோட பின்பக்கம் செவப்பு வயருக்குள்ள சொருகி, கறுப்பை பேட்டரி பிளஸ்ல வைங்க. ஆமா, ரெண்டும் பிளஸ்தான், அதுல என்ன வோல்ட் வரும்னு கேக்கலாம். வயரு நல்லாருந்தா கிட்டத்தட்ட சைபர், 0.2, 0.3 வரைக்கும் பரவால்ல. அதுக்கு மேல காட்டுச்சுன்னா அந்த வோல்ட்டு வழில எங்கயோ தொலையுது. எங்க வண்டில 1.6 காட்டுச்சுங்க. அதாவது ரெகுலேட்டரு 14.5 குடுக்குது, பேட்டரிக்கு வந்து சேர்றது 12.9. சொசைட்டில பால் ஊத்தறவங்களுக்கு இந்தக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல, ஊட்டுல அளந்து விட்டதுக்கும் அங்க போய் அளக்கறதுக்கும் வித்தியாசம் வந்தா வழிலதான் சிந்தியிருக்குது.

கப்ளரைக் கழட்டிப் பாத்தா செவப்பு வயரு முள்ளு மட்டும் பச்சைப் பாசி புடிச்ச மாதிரி பூத்து, பிளாஸ்டிக்கு அந்த ஓரத்துல லேசா உருகி மஞ்சளா இருந்துச்சு. வண்டிய நிறுத்தறது தேங்காக் களத்துச் சாளைல, பக்கத்துலயே மாட்டுக்குத் தண்ணி காட்டற எடம், வண்டிய வாரம் ஒருக்கா ஓஸ் புடிச்சுக் கழுவறது வேற. ஓடும்போது அந்தக் கப்ளரைத் தொட்டா கதகதன்னு சூடு. புது டெர்மினல் வெச்சு அழுத்தி, கப்ளர் மாத்தறதுக்கு ஆனது ஒரு டீ போண்டா செலவு. ரெண்டு பேட்டரியும் அரைவயித்துக் கஞ்சிலயே கெடந்து கெடந்து உள்ள தகடு கெட்டுச் செத்துப்போச்சு, அவ்வளவுதான் கதை.

எர்த்து பக்கமும் இதே மாதிரி பாருங்க: ஒரு முள்ளு பேட்டரி மைனஸ்ல, ஒரு முள்ளு ரெகுலேட்டரோட அலுமினிய ஒடம்புலயோ பச்சை வயருலயோ, அப்பறம் இஞ்சின் போல்ட்டுலயும். 0.2க்கு மேல போகக்கூடாது. போச்சுன்னா எர்த்து போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள்ல தேச்சு, பெயிண்ட் இல்லாம பளபளன்னு ஆக்கி இறுக்குங்க. பெயிண்ட் அடிச்ச ஃப்ரேம் மேல அப்பிடியே ரெகுலேட்டரை மாட்டறது, அதைச் சாக்குல சுத்தி மூடி வெக்கறது, ரெண்டும் வேண்டாம். ரெகுலேட்டரு எச்சான கரண்டைச் சூடாக்கித்தான் தள்ளுது, சூடு வெளிய போக அதுக்குக் காத்து வேணும். எலி கடிச்ச எடமும் பாருங்க, கொப்பரை வாசத்துக்கு வர்ற எலி வயரு தோலையும் சும்மா விடறதில்ல.

அஞ்சு: காயில்ல இருந்து கரண்டு வருதா

வயரு, ஃப்யூஸ், எர்த்து எல்லாம் சரி, ஆனாலும் பேட்டரில ஏறல. இப்பத்தான் காயில். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, மேக்னட் பக்கத்துல இருந்து ரெகுலேட்டருக்கு வர்ற கப்ளரைக் கழட்டுங்க. திருகு ஏசி 200க்கு. இதை மறந்து டிசிலயே வெச்சுட்டு "காயில்ல கரண்டே இல்ல"ன்னு சொல்றவங்கதான் நெறையப் பேரு.

மூணு வயரு ஒரே கலர்ல, பெரும்பாலும் மஞ்சள்ல, வந்தா அது மூணு பேஸ் காயில். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவால, ரெண்டுக்கும் மூணுக்கும், ஒண்ணுக்கும் மூணுக்கும்னு மூணு தடவை அளக்கோணும். ஐடிலிங்ல பதினஞ்சு, இருவது வோல்ட், ரேஸ் பண்ணுனா அம்பது, அதுக்கும் மேல ஏறும், வண்டிக்கு வண்டி மாறும். நெம்பரு எவ்வளவுங்கறதை விட மூணும் ஒண்ணுபோல இருக்கறதுதான் முக்கியம். ரெண்டு எடத்துல 50, ஒரு எடத்துல 20ன்னா, போர் மோட்டாருக்கு ஒரு பேஸ் போனா எப்பிடியோ அப்பிடித்தான், காயில்ல ஒரு சுத்து போயிருக்குது. முள்ளைத் தொடாதீங்க, ரேஸ்ல இந்த ஏசி சுருக்குனு அடிக்கும்.

சின்ன வண்டிங்கள்ல சார்ஜிங்குக்கு ஒரு வயரு, ஹெட்லைட்டுக்கு ஒரு வயருன்னு இருக்கும், காயிலோட மறுமுனை இஞ்சின் எர்த்துலயே சேந்திருக்கும். அதுல மீட்டர் ஒரு முள்ளு சார்ஜிங் வயருல, இன்னொண்ணு எர்த்துல. ரேஸுக்குத் தகுந்த மாதிரி வோல்ட் ரெண்டு மூணு மடங்கு ஏறுனா காயில் உசுரோட இருக்குது.

ஏசி நல்லா வருது, வயரும் சரி, பேட்டரில மட்டும் ஏறலைன்னா மிச்சம் இருக்கறது ரெகுலேட்டர்தான். அதை மாத்திக்கலாம், இனி தைரியமாக் காசு போடலாம். ரெகுலேட்டரையும் மீட்டரை டயோடு மோடுல வெச்சுப் பாக்கலாம் (டயோடுன்னா கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடற சாமான்), ஒவ்வொரு மஞ்சளுக்கும் செவப்புக்கும் நடுவால ஒரு பக்கம் வெச்சா 0.4, 0.6 மாதிரி காட்டி, முள்ளை மாத்துனா ஒண்ணும் காட்டக்கூடாது. ரெண்டு பக்கமும் சைபருன்னா ஷார்ட்டு. ஆனா புது மாடல்ல இந்தச் சோதனை சரின்னு வந்தாலும் சூடாகி லோடு வந்தப்பறம் படுக்கறது உண்டு, அதனால இதுல சரின்னு வந்ததை நம்பாதீங்க, கெட்டுதுன்னு வந்தா மட்டும் நம்புங்க.

ஏசியே வரலைன்னா இஞ்சினை நிறுத்திட்டு ஓம்ஸ் (Ω) 200ல வெச்சு காயிலை அளங்க. மொதல்ல ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாருங்க, 0.3, 0.5னு எதாச்சும் காட்டும், அது மீட்டர் வயரோடது, அதைக் கழிச்சுக்கோணும். மூணு பேஸ் காயில்னா பெரும்பாலும் ஒரு ஓமுக்குப் பக்கத்துல கம்மியாத்தான் இருக்கும், மூணும் ஒரே மாதிரி. எடது ஓரத்துல வெறும் 1 மட்டும் நின்னா அது ஒரு ஓம் இல்லீங்க, சுத்தமாத் தொடர்பே இல்ல, உள்ள அறுந்துபோச்சுன்னு அர்த்தம். புதுசாப் பாக்கறவங்க எல்லாரும் ஏமாறற எடம் இது. மூணு மஞ்சள்ல எதையும் இஞ்சின் எர்த்தோட வெச்சுப் பாத்தா அந்த 1தான் வரோணும், வேற நெம்பரு வந்தா காயில் பாடியத் தொட்டுருச்சு. மறுமுனை எர்த்துல சேந்த சின்ன வண்டிக் காயிலுக்கு இந்த விதி பொருந்தாது, அதுல எர்த்தோட தொடர்பு இருக்கறதுதான் சரி, தெரியாம நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுறாதீங்க.

காயில் போச்சுன்னா புதுசும் வாங்கலாம், கட்டியும் வாங்கலாம். நம்ம பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்குப் பஞ்சமே இல்ல, ஆனா பம்ப்செட் மோட்டார் கட்டறவங்க எல்லாரும் வண்டிக் காயில் கட்டறதில்ல, கேட்டுட்டுப் போங்க. கம்பி தடிமன் மாறுனா மறுபடியும் தலைவலி.

பவர் வீடர்காரங்களுக்கு ஒரு வார்த்தை: சின்ன இஞ்சின்ல சார்ஜிங் ரொம்ப மெல்லிசா, ரெண்டு மூணு ஆம்பியர்தான் வரும். சிலதுல ரெகுலேட்டரே இருக்காது, வயருக்குள்ளயே உறைக்குள்ள ஒரு டயோடு மட்டும் இருக்கும், அது போனா சார்ஜ் நின்னுரும். வயருல நடுவால பொடப்பா ஒரு எடம் இருந்தா அதை முடிச்சுன்னு நெனச்சு வெட்டிப்போடாதீங்க.

ஆறு: ராத்திரில எவன் வால்வைத் தொறக்கறான்

ஓடறப்ப 14.2, பேட்டரியும் புதுசு, ஆனா நாலு நாள் ஒறம்பரை ஊட்டுக்குப் போயிட்டு வந்தா செல்ஃப் எடுக்கல. இது கசிவு. சாவி ஆஃப். பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டுங்க (எப்பவும் கழட்டறப்ப மைனஸ் மொதல்ல, மாட்டறப்ப மைனஸ் கடைசில). இப்பத்தான் செவப்பை அந்த 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, திருகையும் 10 ஆம்பியருக்கு வெச்சு, ஒரு முள்ளு கழட்டுன வயருல, ஒரு முள்ளு பேட்டரி மைனஸ்ல. 0.00னு இருந்தா ரொம்பக் கம்மியாத்தான் போகுது, செவப்பை நடு ஓட்டைக்குக் கொண்டுவந்து 200 மில்லி ஆம்பியர்ல பாத்துக்கலாம். முள்ளு வெச்சிருக்கறப்ப சாவியத் திருப்பறது, செல்ஃப் அடிக்கறது ரெண்டும் ஆகாது, மீட்டரு போயிரும்.

ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியர் போறது சகஜம். 50 மில்லி ஆம்பியர் போகுதுன்னு வைங்க, 5 ஆம்பியர்-அவர் பேட்டரி நூறு மணி நேரத்துல, அதாவது நாலே நாள்ல காலி. பெரும்பாலும் வெளிய மாட்டுன சாமான்தான்: திருட்டு அலாரம், போன் சார்ஜரு, கலர் கலரா எரியற லைட்டு. ஒவ்வொண்ணா வயரைக் கழட்டுங்க, எதைக் கழட்டுனதும் நெம்பரு விழுகுதோ அதுதான் ஆளு. எல்லாத்தையும் கழட்டியும் போகுதுன்னா ரெகுலேட்டர் கப்ளரைக் கழட்டிப் பாருங்க, உள்ள டயோடு ஷார்ட் ஆனா பேட்டரிக் கரண்டு அந்த வழியா திரும்பி ஓடும்.

வேலை முடிஞ்சதும் மறக்காம செவப்பை நடு ஓட்டைக்கு மாத்தி வெச்சுருங்க, திருகை ஆஃப்ல வைங்க. அப்பறம் நல்லா இருக்கறப்ப என்ன நெம்பரு வந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கிட்டா அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாக்க வசதி. நான் சைடு பேனலுக்கு உள்பக்கம் மார்க்கர்ல 12.7, 13.4, 14.2னு தேதியோட எழுதி வெச்சிருக்கேன். ஒருநா அப்பா அந்தப் பேனலைத் தொறந்தவரு கண்ணைச் சுருக்கிப் படிச்சுப்போட்டு, "ஏண்டா, பால் ஃபேட்டு 14.2ன்னு போட்டிருக்கே, அப்பிடி ஒரு எருமை எந்தூர்ல இருக்குது, போய் புடிச்சுட்டு வந்துரலாமா"ன்னு கேட்டாரு.